ஃபெஸ்ஸா, புகாராவா?

துபாய் வேண்டாம், ஆனால் பழைய கடைவீதியும் பாலைவனமும் பார்க்க வேண்டும் என்று சென்னையில் யார் கிளம்பினாலும் பேச்சு கடைசியில் மொராக்கோ, உஸ்பெகிஸ்தான் என்ற இரண்டில்தான் வந்து நிற்கிறது. இரண்டிலும் மதில் சூழ்ந்த நகரம், பஜார், ஒட்டகம் எல்லாம் உண்டு என்பதால் எது மலிவோ அதற்குப் போகலாம் என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். அது சரியில்லை, இரண்டும் தருவது வேறு வேறு.

கடைவீதிதான் முக்கியம் என்றால் மொராக்கோவின் ஃபெஸ், யோசிக்கவே வேண்டாம். 1981லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய அந்தப் பழைய நகருக்குள் கார் நுழையாது, கேஸ் சிலிண்டர்கூட கோவேறு கழுதை முதுகில்தான் வரும், 'பாலாக்' (வழி விடு) என்று பின்னாலிருந்து குரல் கேட்டால் சட்டென்று சுவரோரம் ஒதுங்கிவிட வேண்டும். பாரிமுனையில் ஆண்டர்சன் தெரு என்றால் காகிதம் என்பதுபோல் அங்கே சந்துக்குச் சந்து தொழில் மாறும். செஃபாரின் சதுக்கத்தில் செம்பு அண்டாவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள், ஷுவாரா தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்பும் புறாவின் எச்சமும் கலந்த தொட்டிகளில் தோலை ஊறவைத்து, பிறகு சாயத்தொட்டிகளில் இறங்கி நின்று காலால் மிதிக்கிறார்கள். மேலே கடை மாடியில் நிற்கிற நமக்கு நாற்றம் தாங்காமல் இருக்க ஒரு கொத்து புதினாவைக் கையில் கொடுப்பார்கள். அங்கே விற்கிற பொருளில் பெரும்பகுதி அந்த ஊரிலேயே உருவாகிறது, நான் ஃபெஸ் பக்கம் சாய்வதற்குக் காரணம் அதுதான்.

உஸ்பெகிஸ்தானில் புகாராவின் 16ஆம் நூற்றாண்டு வணிகக் குவிமாடங்கள் (குவிமாடக் கூரை போட்ட கடைவீதிகள்) கட்டடமாகப் பார்த்தால் ஃபெஸ்ஸைவிட அழகு, நல்ல வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்றிருக்கும், இந்தியத் துணைக்கண்டத்து முல்தானிலிருந்து வணிகர்கள் வந்து தங்கி வட்டிக்கடை நடத்திய ஊர் என்பதால் நமக்கு ஓர் ஒட்டுதலும் வரும். ஆனால் இன்று உள்ளே பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்கான கடைகள். கொக்கு வடிவக் கத்தரிக்கோல் அடிக்கிற கொல்லர்களை மட்டும் தவறவிடாதீர்கள். உள்ளூர்க்காரர்கள் காய்கறியும் ரொட்டியும் வாங்குகிற சந்தை வேண்டுமென்றால் சமர்கந்தின் சியோப் பஜாருக்குப் போக வேண்டும்.

பாலைவனத்தில் போட்டியே இல்லை. மொராக்கோவில் மெர்சூகாவின் எர்க் ஷெபி மணல்மேடுகள் சுமார் 150 மீட்டர் வரை எழும்பும். உஸ்பெகிஸ்தானின் கிசில்கும் பாலைவனம் பெரும்பாலும் புதர் மண்டிய சமவெளி, அங்கே யூர்ட் கூடாரத்தில் தங்கி, 1969ல் அணையிலிருந்து வெள்ளத்தைத் திறந்துவிட்டதில் உருவான ஐதர்குல் ஏரியில் குளிக்கலாம். அது நல்ல அனுபவம்தான், ஆனால் மனதில் வைத்திருக்கிற மணல் கடல் அது இல்லை.

இதையெல்லாம் மீறி அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்கு நான் உஸ்பெகிஸ்தானைத்தான் சொல்வேன். இ-விசா 20 டாலர், டெல்லியிலிருந்து தாஷ்கண்ட் மூன்று மணி நேரச் சொச்சம், அங்கிருந்து 344 கிலோமீட்டரில் இருக்கிற சமர்கந்துக்கு அஃப்ரோசியோப் அதிவேக ரயிலில் இரண்டேகால் மணி நேரம் (டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே எடுங்கள்), புகாராவில் தரையும் சமதளம். ஃபெஸ்ஸில் மேடு பள்ளமும் படியுமாக முழங்கால் போய்விடும், போதாததற்கு 'அந்த வழி அடைத்திருக்கிறது, நான் கூட்டிப்போகிறேன்' என்று ஆட்கள் ஒட்டிக்கொள்வார்கள், பெண்கள் தனியாகப் போனால் இந்தத் தொந்தரவு இன்னும் அதிகம்.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு மட்டும் கணக்கு தலைகீழ். மொராக்கோவில் மண்சட்டியில் வேகவைக்கிற காய்கறி தஜீன், ரவை மாதிரியான ஏழு காய் கூஸ்கூஸ், கத்தரிக்காய் ஸாலூக் என்று சமாளிக்கலாம், கூஸ்கூஸிலும் ஹரீரா சூப்பிலும் இறைச்சியோ இறைச்சிச் சாறோ இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். உஸ்பெக் புலாவில் ஆட்டிறைச்சியைப் பொறுக்கிவிட்டுச் சாப்பிடுவது சைவம் ஆகாது. தந்தூர் ரொட்டி, தக்காளி வெங்காய சாலட், பூசணி சம்சா (ஆட்டுக் கொழுப்பு இல்லையா என்று கேட்டுக்கொண்டு), பழங்கள், அவ்வளவுதான்.

மொராக்கோ என்று முடிவானால் மராகேஷிலிருந்து போய்த் திரும்புகிற மூன்று நாள் பாலைவனப் பேக்கேஜ் எடுக்காதீர்கள். ஒரு வழிக்கே சுமார் 560 கிலோமீட்டர், பாதி நேரம் வேனிலேயே போய்விடும். ஃபெஸ்ஸில் தொடங்கி, மெர்சூகாவில் இரண்டு இரவு தங்கி, பழைய மண்கோட்டைக் கிராமமான ஐத் பென்ஹத்து வழியாக மராகேஷில் முடியுங்கள். அரையாண்டு விடுமுறையில்தான் போக முடியும் என்றாலும் மொராக்கோதான், டிசம்பரில் புகாரா உறைபனியில் இருக்கும். மெர்சூகாவிலும் இரவில் நடுங்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், மராகேஷ் போகிற வழியில் 2,260 மீட்டர் உயர டிஷ்கா கணவாய் பனியால் மூடிவிடக்கூடும் என்பதால் கையில் ஒரு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.