கர்ப்பிணிகள் வார்டில் ஆர்ட் தெரபி: படுக்கையில் இருந்தபடி ஒரு விமர்சனம்

பிளசென்டா (நஞ்சுக்கொடி) கர்ப்பப்பை வாயை மூடிக்கொண்டிருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் ரத்தப்போக்கு வரலாம், அதனால் பிரசவம் வரை இங்கேயே இருங்கள் என்று என்னை வார்டில் சேர்த்தார்கள். அங்கே என்னைப் போன்றவர்களுக்காக ஆர்ட் தெரபி, அதாவது படம் வரைவதன் வழியாக மனதுக்கு உதவும் சிகிச்சைச் சேவை ஒன்று இருந்தது. நான் எழுதுவது அதைப் பற்றி மட்டும்.

வந்தவர் உளநல சிகிச்சையில் பயிற்சி பெற்றவர். படம் வரையச் சொல்வதற்கு முன்பே, எந்தக் கையில் டிரிப்ஸ் ஊசி இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடிகிறது, எந்த வாசனை குமட்டுகிறது என்று கேட்டார். அதற்கு ஏற்றபடிதான் பொருட்கள் வந்தன. தண்ணீர் தேவைப்படாத ஆயில் பேஸ்டல், இடது பக்கம் சாய்ந்து படுத்தபடியே வரையச் சாய்த்து வைக்கும் பலகை. டர்பன்டைன் போன்ற நெடியடிக்கும் எதுவும் கிடையாது. தொற்று பரவாமல் இருக்க ஒவ்வொருவருக்கும் தனிப் பை. இவ்வளவு யோசித்திருந்ததே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

என்ன வேண்டுமானாலும் வரையலாம் என்றார். நான் தாள் முழுக்கச் சிவப்பைத் தேய்த்தேன். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் 'நல்லதையே நினை' என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை. கழிவறைக்குப் போகும்போதெல்லாம் துணியில் ரத்தம் இருக்குமோ என்று பார்த்துப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். ஏன் சிவப்பு என்று அவர் கேட்கவில்லை, அர்த்தமும் சொல்லவில்லை. "இந்தத் தாள் போதுமா, பக்கத்தில் இன்னொன்று ஒட்டலாமா?" என்று மட்டும் கேட்டார். ஒட்டினோம். அந்த இரண்டாவது தாளில் குழந்தை உதைக்கும்போதெல்லாம் ஒரு மஞ்சள் புள்ளி வைக்க ஆரம்பித்தேன். வயிற்றில் பெல்ட் கட்டி இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் நேரத்திலும் கை அதே வேலையில் இருந்தது. அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாததை அந்த இரண்டு தாள்களையும் காட்டித்தான் சொன்னேன். அவர் வெகுநேரம் பார்த்தார். அன்றைக்கு முதல் எனக்குத் தைரியம் சொல்வதை நிறுத்திவிட்டு, பயமாக இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கினார்.

இந்தச் சிகிச்சைக்கு 'ஆர்ட் தெரபி' என்று 1942-இல் பெயர் வைத்த ஆங்கிலேய ஓவியர் ஏட்ரியன் ஹில்லும் காசநோய் சானடோரியத்தில் நோயாளியாக இருந்தவர்தான். அதை அறிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை வைத்துச் செய்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 45 நிமிடம் கலைப் பொருட்களோடு இருந்தவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேருக்கு மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசால் ஹார்மோனின் அளவு குறைந்திருந்தது. அவர்கள் கர்ப்பிணிகள் அல்ல, எனவே அதை நமக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. என் பிளசென்டாவையும் பேஸ்டல் நகர்த்திவிடவில்லை. மாறியது என் இரவுகள்தான்.

குறைகளும் உண்டு. அமர்வின் நடுவில் டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வந்தால் எல்லாம் அப்படியே நின்றுவிடும். இரவிலும் விடுமுறை நாளிலும், அதாவது பயம் அதிகமாகும் நேரத்தில், யாரும் வருவதில்லை. குழு அமர்வு எனக்கு ஒத்துவரவில்லை. எங்களோடு வரைந்த ஒருவர் குழந்தையை இழந்து வார்டை விட்டுப் போன பிறகு, அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் அடுத்த அமர்வைத் தொடங்கினார்கள். அன்றைக்கு எங்களில் யாருக்கும் கை ஓடவில்லை. அதைப் பேசத்தானே அந்த மேசை? எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, பிரசவத்தோடு சேவை நின்றுபோவது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளையை இன்குபேட்டரில் விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கும் தாய்க்கு இது இன்னும் அதிகமாகத் தேவை.

தனி அமர்வை யோசிக்காமல் பரிந்துரைக்கிறேன். படம் வரையத் தெரியாது என்று சொல்லி தெரபிஸ்டைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், எனக்கும் தெரியாது. படங்கள் உங்களுடையவை. கேஸ் ஷீட்டில் சேர்க்க என்னிடம் அனுமதி கேட்டார்கள், உங்களிடம் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். ரத்தம் பட்டாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு உடனே சிஸ்டரைக் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே எங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் தாளைக் கொடுத்தார்.