வாடகைக்கு விட வாங்குவது: அடுக்குமாடி பிளாட்டா, தனி வீடா?

குடியிருக்கப் போவதில்லை, வாடகைக்கு விடத்தான் என்று முடிவாகிவிட்டால் வீடு பார்க்கிற கண்ணே மாறவேண்டும். காற்றோட்டமான பால்கனி, மனசுக்குப் பிடித்த சமையலறை எல்லாம் அப்புறம். குழாய் உடைந்தால் யாருக்குப் போன் வரும்? வருடத்தில் எத்தனை மாதம் காலியாகக் கிடக்கும்? செலவை முடிவு செய்வது யார்? இதில் மூன்றாவது கேள்வியைத்தான் முக்கால்வாசிப் பேர் கேட்பதே இல்லை.

முதலில் கணக்கு. விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். பிளாட்டில் வருட வாடகை 5. பராமரிப்புக் கட்டணம் 0.8, வரியும் காப்பீடும் 0.4, ஒரு மாதம் காலியாக இருந்தால் 0.4, பெயின்ட், சில்லறை ரிப்பேர் 0.4. கையில் நிற்பது 3. அதே 100க்குத் தனி வீடு வாங்கினால் பணத்தில் பெரும்பகுதி மண்ணுக்குப் போகிறது. குடிவருபவர் சுவருக்கும் கூரைக்கும்தான் வாடகை தருவார், மண்ணுக்கு அல்ல. 4 வந்தாலே நல்லது. கூரை, கழிவுநீர்க் குழாய், சுற்றுச்சுவர் அத்தனையும் உங்கள் தலையில், அதற்கு 1 எடுத்து வையுங்கள். வரி, காப்பீடு, காலி மாதம் போக இரண்டேகால் மிஞ்சும். எண்கள் உதாரணத்துக்குத்தான், இடத்துக்கு இடம் மாறும். ஆனால் மாத வருமானத்தில் பிளாட் முந்துவது பெரும்பாலும் இப்படித்தான்.

வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்று யாராவது சொன்னால் காகிதத்தில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 80 கடன், 9% வட்டி, 20 வருடம் என்றால் வருடத்துக்குச் சுமார் 8.6 கட்டவேண்டும். கையில் நிற்பதோ 3. மீதி உங்கள் சம்பளத்திலிருந்துதான். தனி வீட்டில் துண்டு இன்னும் பெரிதாக விழும்.

விலை ஏற்றம் என்று வந்தால் தனி வீட்டின் பக்கம் சாய்வேன். கட்டடம் வருடாவருடம் தேய்கிறது, ஏறுவது மண்ணின் விலை. பிளாட்டில் மண் எவ்வளவு உங்களுடையது என்பதைப் பத்திரத்தில் பார்த்துவிடுங்கள். சில இடங்களில் மண்ணே உங்களுடையதாக இருக்காது. சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடி வீடுகள் 99 வருடக் குத்தகையில் விற்கப்படுபவை. குத்தகை கரையக் கரைய, வாங்க வருபவர் அதையும் கணக்கில் சேர்த்துத்தான் விலை கேட்பார்.

இனி அந்த மூன்றாவது கேள்வி. ஒருமுறை ஒரு பிளாட் பார்க்கப் போயிருந்தேன். எல்லாச் சுவரும் பழைய பெயின்ட், குளியலறையை ஒட்டிய ஒரு சுவர் மட்டும் பளபளவென்று புதிது. அந்தச் சுவரிலிருந்த அலமாரியைத் திறந்தால் ஓத வாடை. பின்பலகையில் விரலை வைத்தால் மாவாக உதிர்ந்தது. மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து கசிவு. மேல்வீட்டுக்காரர் தரையைத் தோண்ட விடமாட்டேன் என்கிறார், பொதுக்குழாய் இல்லையென்று பிளாட் உரிமையாளர் சங்கம் கையை விரிக்கிறது. காசு கையில் இருந்தும் அந்த உரிமையாளரால் எதுவும் செய்ய முடியவில்லை. தனி வீட்டில் ஒழுகினால் அன்றே ஆளைக் கூப்பிட்டு மாடியில் ஏற்றிவிடலாம். செலவு முழுக்க உங்களுடையது, முடிவும் உங்களுடையது.

சங்கம் செலவைத் தள்ளிப்போட்டால் எதுவரை போகும் என்பதற்குப் அமெரிக்காவில் புளோரிடாவின் சர்ப்சைடு என்ற ஊரிலிருந்த அடுக்குமாடி ஒரு கொடூரமான உதாரணம். நீச்சல்குளத் தளத்தின் நீர்க்காப்பு கெட்டு, கீழுள்ள கான்கிரீட் சேதமாகிறது என்று 2018லேயே பொறியாளர் அறிக்கை கொடுத்துவிட்டார். செலவைப் பற்றிய இழுபறியில் வேலை தள்ளிப்போனது. 2021 ஜூன் 24 அன்று 12 மாடிக் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து 98 பேர் இறந்தார்கள். இடிந்ததன் காரணங்களை விசாரணையாளர்கள் தனியாக ஆராய்ந்தார்கள், அது வேறு விஷயம். பிளாட் வாங்குபவர் கவனிக்கவேண்டியது அந்த மூன்று வருடத்தை.

குடிவருபவர்கள் விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பிளாட்டுக்குச் சீக்கிரம் ஆள் கிடைக்கும், சீக்கிரம் காலியும் ஆகும். தனி வீட்டுக்கு வருகிற குடும்பம் கொஞ்சம் நிலைத்து இருக்கும். விற்கும்போதும் பிளாட் சுலபம், ஆனால் அதே கட்டடத்தில் இன்னும் நாலு பேர் விற்க வந்துவிட்டால் விலை உங்கள் கையில் இல்லை.

என்னைக் கேட்டால், நினைத்தபோது போய்ப் பார்க்கிற தூரம் என்றால் தனி வீடு. தூரத்தில் இருந்துகொண்டு போனிலேயே சமாளிக்கவேண்டுமென்றால் பிளாட்தான், வேறு வழியில்லை. அப்படியானால் முன்பணம் கொடுப்பதற்குள் சங்கத்தின் கடந்த 3 வருட வரவுசெலவைக் கேட்டு வாங்குங்கள். சேமிப்பில் என்ன இருக்கிறது, லிப்ட்டை எப்போது மாற்றப்போகிறார்கள், எத்தனை வீட்டுக்காரர்கள் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தனி வீடு என்றால் நல்ல மழை பெய்கிற நாளாகப் பார்த்துப் போங்கள்.