டிக்கியில் இரண்டாவது பேட்டரி: நாலாவது கோடையில் ஒயரைப் பற்றிச் சில வார்த்தைகள்

கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். வண்டி 2.5 டீசல் இன்னோவா. கேமரா, ட்ரோன் பேட்டரிகளை வண்டியிலேயே சார்ஜ் போட, டிக்கியில் 100 ஆம்பியர்-அவர் ஏஜிஎம் (அமிலம் சிந்தாத மூடிய வகை) பேட்டரியும் 600 வாட் இன்வெர்ட்டரும் வைத்து இது நாலாவது கோடை. பார்க்கிறவர்கள் பேட்டரி என்ன பிராண்ட் என்றுதான் கேட்கிறார்கள். பானெட்டிலிருந்து அதற்குச் சார்ஜ் கொண்டுவரும் ஒயரைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

கடையில் விசாரித்தால் "நாற்பது ஆம்பியருக்கு 10 ஸ்கொயர் தாராளம் சார்" என்பார்கள். ஸ்கொயர் என்றால் ஒயரின் குறுக்குவெட்டு, சதுர மில்லிமீட்டரில். சூடேறாமல் தாங்குமா என்று கேட்டால் அது சரியான பதில்தான். 12 வோல்ட்டில் பார்க்க வேண்டியது, வழியில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்பதை. செம்பில் 10 ஸ்கொயர் ஒயருக்கு மீட்டருக்குச் சுமார் 1.75 மில்லிஓம் மின்தடை. பானெட்டிலிருந்து கதவோரமாக டிக்கிக்கு 6 மீட்டர். 40 ஆம்பியர் ஓடினால் பாசிட்டிவ் பக்கம் மட்டும் 0.42 வோல்ட் காலி. 25 ஸ்கொயரில் அது 0.17 தான். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் தருவதே 14.2 சொச்சம் என்பதால் இந்தக் கால் வோல்ட் வித்தியாசம் சார்ஜ் ஏறும் வேகத்தில் தெரியும்.

நெடுந்தூரம் போகிறவருக்கு இது பெரிய நஷ்டமில்லை. பேட்டரி நிரம்ப நிரம்பக் கரண்ட் குறையும், இழப்பும் கூடவே குறையும். வீட்டுக்கும் மண்டபத்துக்கும் அரைமணி ஓட்டம் ஓடுகிற என்னைப் போன்றவருக்குத்தான் தடித்த ஒயருக்குக் கொடுத்த காசு திரும்பி வரும். நான் போட்டது 25 ஸ்கொயர். இன்வெர்ட்டர் முழு லோடில் 50 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதனால் அதைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, அரை மீட்டர் ஒயரில் வைத்துவிட்டேன். நீள ஒயருக்குச் சார்ஜ் கரண்ட் மட்டுமே பொறுப்பு.

ஒயர் வாங்கும்போது நுனியைச் சீவிப் பாருங்கள். வெல்டிங் கேபிள் என்று அலுமினியமும், மேலே மட்டும் செம்பு பூசிய அலுமினியமும் விற்கிறார்கள். ஒரு இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், கையில் தூக்கினாலும் எடை சொல்லிவிடும். அதே அளவு செம்போடு ஒப்பிட்டால் பூச்சு ஒயர் கடத்துவது மூன்றில் இரண்டு பங்குதான். வீட்டு ஒயரிங்குக்கு வரும் கெட்டிக் கம்பியும் வேண்டாம், வண்டி அதிர்வுக்கு மெல்லிய இழைகள் நிறைய உள்ளதே நல்லது.

பியூஸ் இரண்டு முனையிலும் வேண்டும், அதுவும் ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒரு சாண் தூரத்துக்குள். எத்தனையோ வண்டிகளில் முன்பக்கம் மட்டும் போட்டிருக்கிறார்கள். நடுவில் ஒயர் உரசி பாடியில் பட்டால் முன் பியூஸ் போகும், பின் பேட்டரி மட்டும் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிக்கொண்டே இருக்கும். என் வண்டியில் இரண்டும் 80 ஆம்பியர். பியூஸ் காப்பது ஒயரை என்பதால் ஒயர் தாங்கும் அளவுக்குக் கீழேதான் அது இருக்க வேண்டும்.

இத்தனை நாளில் ஒயருக்கு ஒன்றும் ஆகவில்லை. தொந்தரவு கொடுத்தது லக்கும் (ஒயர் நுனியில் நெரிக்கும் வளையம்) எர்த்தும் (பாடியோடு சேரும் நெகட்டிவ் இணைப்பு). கடலோர ஊர், உப்புக் காற்று. பின்பக்க எர்த் போல்ட்டில் துருவும் லக்கில் பச்சைக் களிம்பும் ஏறி, சார்ஜ் மந்தமானது. மல்ட்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, சார்ஜ் ஏறும்போதே பேட்டரி நெகட்டிவுக்கும் பாடிக்கும் நடுவே அளந்ததில் ஆள் அகப்பட்டான். பெயின்ட்டைச் சுரண்டி, ஈயம் பூசிய லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரில் நெரித்து, மேலே கிரீஸ் தடவியதோடு சரியானது. சீட் பெல்ட் போல்ட்டை எர்த்துக்குத் தொடவே வேண்டாம்.

பிஎஸ்6 (புதிய புகை விதிமுறை) வண்டிக்காரர்கள் இதை அப்படியே செய்ய முடியாது. பல வண்டிகளில் ஆல்டர்னேட்டர் நினைத்தபோது வோல்ட்டைக் குறைக்கும், வோல்ட்டைப் பார்த்து இரண்டு பேட்டரியையும் இணைக்க நான் வைத்திருக்கும் சாதாரண ரிலே அப்போது துண்டித்துக்கொள்ளும். அவர்களுக்கு டிசி-டிசி சார்ஜர்தான் வழி. வழியில் போகும் வோல்ட்டை அதுவே ஏற்றிக்கொள்வதால், 20 ஆம்பியர் மாடலுக்கு 10 ஸ்கொயரே போதும்.