மூன்றாம் தடவை அரால்டைட்: மகளின் நான்கு வருட லேப்டாப்

போன சனிக்கிழமை மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் லேப்டாப் சர்வீஸ் கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மகளின் லேப்டாப்புக்கு ஹிஞ்ச், அதாவது திரையை அடிப்பாகத்தோடு சேர்க்கும் கீல், போவது இது மூன்றாவது தடவை. கடைத் தம்பி திரையைப் பிரித்ததும் உள்ளிருந்து நான்கு பித்தளை மரைகள் மேசையில் உருண்டன. ஒவ்வொன்றும் மூக்குத்தித் திருகாணி அளவுதான். "வில்லன் இவர்தான் சார்" என்று ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அந்த நேரம் பார்த்து அலுவலக நண்பரிடமிருந்து போன். பையன் பிளஸ் டூ முடித்துவிட்டான், கலந்தாய்வில் எப்படியும் ஒரு இடம் கிடைத்துவிடும், நாற்பத்தைந்தாயிரத்துக்குள் எந்த லேப்டாப் வாங்கலாம், இன்டெல் ஐ7 பிராசஸர் வருமா?

நான் பதில் சொன்ன விதம் எனக்கே பிடிக்கவில்லை. அதனால் ஆற அமர எழுதுகிறேன்.

2022 ஆகஸ்டில் மகள் ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) சேர்ந்தபோது 43,000 ரூபாய்க்கு வாங்கினது. ரைசன் 5 5500யு பிராசஸர், 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, பதினைந்தரை அங்குலத் திரை, விண்டோஸ் 11. அன்றைக்கு அந்த விலைக்கு இதைவிட நல்ல பிராசஸர் கிடைக்கவில்லை. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். பக்கத்துக் கடையில் இதே காசுக்கு ஐ3 வைத்திருந்தார்கள், இரண்டு கோர். கம்பெனி பெயரை விட்டுவிடுகிறேன். தம்பியின் மேசையில் அன்றைக்கு ஹிஞ்ச் போய்க் கிடந்த நான்கு லேப்டாப்பும் நான்கு கம்பெனி.

ஹிஞ்ச் உடைந்தது என்று நாம் சொல்கிறோமே தவிர, ஹிஞ்ச் உடைவதில்லை. அது இரும்பு. நன்றாக, தேவைக்கு மேலேயே இறுக்கமாக இருக்கிறது. அதைத் திருகி வைத்திருக்கும் இடம்தான் பிளாஸ்டிக். அந்தப் பிளாஸ்டிக்கில் சின்னச் சின்னக் கூடு செய்து, பித்தளை மரையைச் சூடாக்கிப் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவை திரையைத் தூக்கும்போதும் இரும்பு மசிய மாட்டேன் என்கிறது. இழுவை முழுக்கப் பிளாஸ்டிக்கின் தலையில் விடிகிறது. நாளைக்குப் பத்துத் தடவை, வருஷத்துக்கு மூவாயிரம் தடவைக்கு மேல். ஒரு நாள் கூடு விரிசல் விட்டு, மரை கையோடு வந்துவிடும். அப்புறம் திரையைத் திறந்தால் மூலையில் வாய் பிளந்துகொண்டு நிற்கும். அப்படியே இன்னும் பத்து நாள் ஓட்டினால் ஹிஞ்ச் வழியாகப் போகும் டிஸ்ப்ளே கேபிளும் நசுங்கித் திரையில் கோடு கோடாக வரும். இரண்டாவது தடவை எங்களுக்கு அதுவும் நடந்தது.

இது அளவாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு வராத வியாதி. என் அலுவலகத்தில் லேப்டாப்பைக் காலையில் திறந்தால் மாலையில்தான் மூடுவோம். மாணவர்களுக்கு அப்படியா? முதல் பீரியட் திற, மூடு, லேபுக்கு ஓடு, திற, மூடு, ஹாஸ்டல் கட்டிலில் சாய்ந்தபடி திற. "ரெண்டு கையாலயும் நடுவுல பிடிச்சுத் திறம்மா" என்று நானும் நூறு தடவை சொல்லியிருப்பேன். "ஒரு கையில நோட்டு, ஒரு கையில ஐடி கார்டு, மூணாவது கைக்கு எங்கப்பா போறது?" என்பாள். நியாயம்தானே. மூலையைப் பிடித்து ஒரு கையால் திறந்தால் அந்தப் பக்கத்து மரைக்குத்தான் முழு வலியும். உடைந்ததும் மூன்று தடவையும் வலது பக்கம்தான்.

முதல் தடவை 2023 நவம்பரில். ஆகஸ்டோடு வாரண்டி முடிந்திருந்தது, சொல்லிவைத்த மாதிரி. சர்வீஸ் சென்டரில் டோக்கன் வாங்கிக் காத்திருந்து காட்டினால், "ஃபிசிக்கல் டேமேஜ் சார், வாரண்டி இருந்திருந்தாலும் வராது" என்றார்கள். கீழே போட்டீர்களா என்று கேட்டார்கள். போடவில்லை. போட்ட அடையாளம் எங்கேயும் இல்லை. திறந்து மூடத்தானே இதை வாங்கினோம்? திறந்து மூடியதில் உடைந்தால் அதற்குப் பெயர் ஃபிசிக்கல் டேமேஜாம். ஏ பேனல் (திரையின் பின்மூடி), ஹிஞ்ச், கூலி எல்லாம் சேர்த்து 7,400 ரூபாய், பொருள் வர மூன்று வாரம். மகளுக்கு ஒன்பது நாளில் செமஸ்டர். அப்படித்தான் இந்தச் சந்துக்கு வந்து சேர்ந்தேன். 900 ரூபாய், அரால்டைட் பசை, ஒரு ராத்திரி காயவிட்டு மறுநாள் வாங்கிப்போனோம். பதினைந்து மாதம் தாங்கியது.

இந்த நேரத்தில் அக்கா மகனின் அரசு லேப்டாப் நினைவுக்கு வருகிறது. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் இரண்டு வருடம் கழித்து அவன் பள்ளியில் கொடுத்தது. தடியாக, செங்கல் மாதிரி இருக்கும். இன்றைக்கு அதில் ஒரு வேலையும் ஓடாது. ஆனால் திரை இப்போதும் வைத்த இடத்தில் நிற்கிறது. அக்கா அதை முட்டுக்கொடுத்துத்தான் சமையல்கட்டில் போனைச் சாய்த்து வைக்கிறாள்.

சரி, வயிற்றெரிச்சலை நிறுத்திவிட்டு நல்லதையும் சொல்ல வேண்டும். நிறையவே இருக்கிறது.

கீபோர்டு அருமை. நான்கு வருடத்தில் ஒரு எழுத்துகூட அழியவில்லை, ஒரு விசை ஒட்டவில்லை. பிராசஸர் ஒரு நாளும் எங்களைக் கைவிடவில்லை. இரண்டாம் வருடம் மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருள், மூன்றாம் வருடம் சிப் வடிவமைக்கும் விவாடோ. விவாடோ ஒன்றே பல பத்து ஜிபியை விழுங்கிவிட்டது. 256 ஜிபி வாங்கியிருந்தால் அன்றைக்கே கையைப் பிசைந்திருப்போம். எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் பக்கம் போகும் பிள்ளைகளுக்கு 512-க்குக் கீழே போகாதீர்கள்.

ராம் விஷயத்தில் ஏமாந்தோம், அப்புறம் சரிசெய்தோம். பெட்டியில் 8 ஜிபி என்று போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் 5.9. மீதியை உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் தன் பங்கென்று எடுத்து வைத்துக்கொள்கிறது. லேப்டாப்பின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் தேடினேன், குறைக்க வழி இல்லை. தனியாகக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் இது இயல்புதான். கடைக்காரர் யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். நல்ல வேளையாக ஒரு ஸ்லாட் காலியாக இருந்தது. அந்த டிசம்பர் லீவில் நானும் மகளும் கூடத்தில் துணி விரித்து, அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றி, கிளிப்புகளைப் பழைய ஏடிஎம் கார்டால் நெம்பித் திறந்து, இன்னொரு 8 ஜிபி ஸ்டிக்கைப் போட்டோம். 1,950 ரூபாய். ஆன் செய்தபோது 13.9 என்று காட்டியது. அன்றைக்கு அவள் முகத்தில் பார்த்த சந்தோஷம் பிளஸ் டூ ரிசல்ட் அன்றைக்குக்கூட இல்லை. இரண்டு ஸ்டிக் ஆனதும் ராம் இரட்டைத் தடத்தில் ஓடும். கிராபிக்ஸுக்கும் அதே ராம்தான் என்பதால் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது.

ஆனால் அதே யோசனையை இப்போது நண்பருக்குச் சொல்ல முடியவில்லை. முன்பெல்லாம், 8 ஜிபியோடு வாங்கு, ஆறு மாதம் கழித்து ஏற்றிக்கொள் என்பதுதான் கஞ்சன்களின் வேதம். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றத்தில் அந்தக் கணக்கு கிழிந்துவிட்டது. ஏஐ சர்வர்களுக்கு மெமரி சிப் செய்வதில்தான் கம்பெனிகளுக்கு லாபம். நம் ஸ்டிக் மிச்சம் மீதிதான். 16 ஜிபி போட்டே வரும் மாடல் கைக்கு எட்டினால் அதையே எடுப்பது நல்லது. எட்டாவிட்டால் 8 ஜிபி எடுங்கள், ஆனால் ஸ்லாட் இருக்கிறதா, முழுக்க போர்டிலேயே சோல்டர் செய்துவிட்டார்களா என்று கேட்டுவிட்டு எடுங்கள். சோல்டர் என்றால் நான்கு வருடமும் அதே 5.9-ல் குடித்தனம்.

ஐ7 வேண்டுமா என்ற கேள்விக்கு ஒரு வரிதான்: இந்தக் காசுக்கு ஐ7 என்று யாராவது நீட்டினால் அது எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள், பல நேரம் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ரைசனிலும் ஒரு கண்கட்டு உண்டு. 7520யு என்ற பெயரைப் பார்த்தால் என் 5500யு-வுக்கு இரண்டு தலைமுறை தம்பி மாதிரித் தோன்றும். உள்ளே அதே ஜென் 2 என்ற பழைய வடிவமைப்புக் கோர், அதுவும் நான்குதான். 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள்: 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3. 7530யு கிடைத்தால் தைரியமாக எடுக்கலாம்.

திரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முழு எச்டி, 250 நிட்ஸ் வெளிச்சம், 45 சதவீதம் என்டிஎஸ்சி (திரை காட்டும் வண்ணங்களின் அளவு) என்று எழுதியிருந்ததை நாங்கள் யாரும் மதிக்கவில்லை. அந்த 45-க்கு என்ன அர்த்தம் என்று முதல் செமஸ்டரில் தெரிந்தது. மகள் ரெசிஸ்டர் வண்ணப்பட்டைப் பாடத்தைப் பிடிஎஃபில் படித்துக்கொண்டிருந்தாள். பழுப்பு ஒன்று, சிவப்பு இரண்டு, ஆரஞ்சு மூன்று. திரையில் மூன்றும் ஏறக்குறைய ஒரே செம்மண் நிறம். என் போனில் அதே பக்கத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துத்தான் படித்தாள். ஈசிஇ பிள்ளைக்கு இப்படி ஒரு திரையை வாங்கிக்கொடுத்த அப்பன் நான். பேட்டரி புதிதில் ஐந்து மணி நேரம் வந்தது, இப்போது இரண்டரை. அது போகட்டும், நான்கு வருடப் பேட்டரி வேறெப்படி இருக்கும்?

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா என்றும் நண்பர் கேட்டார். கம்பெனிகள் கழித்துக்கட்டும் திங்க்பேட், லாட்டிட்யூட் போன்ற அலுவலக லேப்டாப்கள் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் வண்டி வண்டியாகக் கிடக்கும். ஹிஞ்சைப் பொறுத்தவரை அவைதான் மாணவர்களுக்குச் செய்த மாதிரி இருக்கின்றன. நல்ல மாடல்களில் ஹிஞ்ச் உலோகச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு நின்றுவிட்டதால் இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே தொடாதீர்கள், 11-ஐ முறைப்படி ஏற்றிக்கொள்ளாது. பேட்டரிக்குத் தனியாகக் காசு எடுத்து வையுங்கள். இதையெல்லாம் சொன்னேன். "முதல்முதலா காலேஜ் போறான் சார், பழசை எப்படிக் கையில கொடுக்கறது?" என்றார். நானும் அன்றைக்கு அதையேதான் சொன்னேன், எப்படி மறுக்க?

இந்தத் தடவை தம்பி வெறும் பசையை நம்பவில்லை. "திரும்பத் திரும்ப ஒட்டினா பிளாஸ்டிக் தாங்காது சார்" என்று சொல்லி, மூடியிலேயே துளை போட்டு வெளியிலிருந்து இரண்டு போல்ட் கொடுத்து, உள்ளே அரால்டைட்டும் வைத்தார். 1,200 ரூபாய். இனிமேல் அசையாது. பார்க்கத்தான் பழைய டிரங்குப் பெட்டி மாதிரி இருக்கிறது. மகள் அந்த இரண்டு போல்ட் தலை மேலும் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிட்டாள்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் 43,000 ரூபாய்க்கு நான்கு வருடப் படிப்பு, ஃபைனல் இயர் பிராஜக்ட், வேலைக்கான ஆன்லைன் தேர்வுகள் எல்லாம் இதிலேதான் முடிந்தன. ஒரு நாள்கூட ஹேங்க் ஆகிப் பரீட்சை போகவில்லை. இவ்வளவையும் ஒப்புக்கொண்டுவிட்டு நண்பருக்கு நான் சொன்ன பதில்: அந்தக் கம்பெனியின் அந்த வரிசையை வாங்காதீர்கள். நியாயமா என்று கேட்டால் நியாயமில்லைதான். விரல் இடுக்கில் பசை காய்ந்துகொண்டிருந்த நேரம். வேறு பதில் வாயில் வரவில்லை. கடையில் திறந்து பார்க்கும்போது ஒரு சோதனை செய்யச் சொன்னேன். லேப்டாப்பை மேசையில் வைத்து, திரையின் நடுவில் ஒரே விரலால் தூக்குங்கள். அடிப்பாகமும் சேர்ந்து எழுந்தால் ஹிஞ்ச் மிஞ்சிய இறுக்கம், பேசாமல் அடுத்த மாடலுக்குப் போய்விடுங்கள்.

நேற்று ராத்திரி கூப்பிட்டார். வாங்கிவிட்டார். நான் வேண்டாம் என்ற அதே வரிசை, புது மாடல். கார்டு ஆஃபரில் நாலாயிரம் குறைந்ததாம். 16 ஜிபி, 7530யு. நான் சொன்னதில் முக்கால்வாசியை மனிதர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

"விரல் வெச்சுத் தூக்கிப் பாத்தீங்களா?"

"வீட்டுக்கு வந்துதான் சார் ஞாபகம் வந்துச்சு. மொத்தமா எந்திரிக்குது."

பில் போட்டாயிற்று, பையன் ஸ்டிக்கரும் ஒட்டியாயிற்று. பையனை இரண்டு கையால் திறக்கப் பழக்கச் சொன்னேன். அப்புறம், அரால்டைட் வாங்கும் நாள் வந்தால் ஐந்து நிமிஷத்தில் காய்கிறதே அதை வாங்க வேண்டாம், ராத்திரி முழுக்கக் காய்கிற ஸ்டாண்டர்டு வாங்குங்கள், அதுதான் பிடிக்கும் என்றேன். எழுதிக்கொண்டார்.