பிளேட்டிங் ரெக்டிஃபையர் வாங்கறவங்க மூடியக் கழட்டி ஷன்ட்டைப் பாருங்க

சேலத்துல முலாம் பட்டறை வச்சிருக்கவங்க, புதுசா ரெக்டிஃபையர் (ஏசி கரண்ட்ட டிசியா மாத்தி முலாம் தொட்டிக்குக் குடுக்கற மெஷின்) வாங்கப் போறீங்கன்னா காசு குடுக்கறதுக்கு முன்னாடி இதப் படிச்சிருங்க. செவ்வாப்பேட்டை பக்கம் ஒரு கடையில, பேரு வேணாம், 12 வோல்ட் 100 ஆம்ப்ஸ், உள்ள கம்பி ஃபுல் காப்பர்னு சொல்லி எங்க தலையில ஒண்ணக் கட்டிட்டாங்க.

வெள்ளி முலாத்துக்கு மீட்டர்ல 20 ஆம்ப்ஸ் வச்சு எப்பவும் ஓட்டற நேரம்தான் ஓட்டறோம், ஆனா போன சரக்கு பூரா திரும்பி வருது, கொக்கிப் பக்கம் பித்தளை பல்லக் காட்டுதுன்னு யாவாரி போன்ல கத்தறாரு, நாங்களும் தொட்டித் தண்ணியில சயனைடு அளவு பாத்து, தொட்டிக்குள்ள தொங்கற ஆனோடு வெள்ளிய மாத்தி, ஒண்ணும் ஆகல. கடைசில சிவதாபுரத்துல பழைய பிளேட்டிங்காரர் ஒருத்தர்தான் "தொட்டிய விடு கண்ணு, தராச எடு"ன்னாரு. 1 ஆம்ப்ஸ் ஒரு மணி நேரம் ஓடினா கிட்டத்தட்ட 4 கிராம் வெள்ளி ஏறணும், அப்ப 20 ஆம்ப்ஸ் அரை மணி நேரத்துக்கு 40 கிராம். சரக்கக் கழுவிக் காயவச்சு எடை போட்டா ஏறினது 20 கிராம் சொச்சம்!

மூடியக் கழட்டினோம். மீட்டர் டயல்ல 100 ஆம்ப்ஸ் 75 மில்லிவோல்ட்னு இருக்கு, உள்ள ஷன்ட் கட்டையில, அதாவது ஓடற ஆம்ப்ஸுக்குத் தக்கன மில்லிவோல்ட்ட மீட்டருக்குக் குடுக்கற கட்டையில, குத்தியிருக்கறது 50 ஆம்ப்ஸ் 75 மில்லிவோல்ட். ரெண்டும் ஒண்ணா இருக்கணும், இல்ல. நெசத்துல 10 ஓடினா முள்ளு 20ல நிக்கும், அவ்ளோதான் வித்தை. டிரான்ஸ்ஃபார்மர் கம்பில வார்னிஷச் சுரண்டினா வெள்ளை வெளேர்னு அலுமினியம்.

கடைக்காரனக் கேட்டா "அது மீட்டர் கம்பெனிக்காரன் தப்புங்ண்ணா, வேணா ஷன்ட் மாத்தித் தரேன்"ங்கறான். ஷன்ட்ட மாத்தினா மீட்டர் உண்மையச் சொல்லும், மெஷின் 100 ஆம்ப்ஸ் ஆயிருமா? பில்லுல வெறும் "ரெக்டிஃபையர் 1"னு எழுதிக் குடுத்திருக்கான், அந்தத் தெம்புலதான் பேசறான்.

வோல்ட்டக் காட்டி மயக்குவாங்க, வெள்ளிக்குப் பெரும்பாலும் ரெண்டு வோல்ட்டுக்குள்ளயே வேலை முடிஞ்சிரும், ஆம்ப்ஸ்தான் விஷயம். வயரச் சுத்திக் கவ்வி டிசி ஆம்ப்ஸ் பாக்கற கிளாம்ப் மீட்டர் கையோட கொண்டு போங்க, ஏசி மட்டும் பாக்கற சாதா கிளாம்ப் இதுக்கு ஆகாது, கடையிலயே ஃபுல் லோடு போட்டு கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடு பாருங்க, மாட்டேன்னா கிளம்பி வந்துருங்க. வோல்ட், ஆம்ப்ஸ், காப்பர்னு பில்லுல எழுதி வாங்குங்க.

பணம் இன்னும் வரல, கன்ஸ்யூமர் கோர்ட்டுல போடலாம்னு இருக்கோம். இந்த மாதிரி கேஸ் போட்டவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.