முதுகுத் தேய்மானம்: மசாஜா, பிசியோவா?

அம்மாவுக்கு எல்4-எல்5 டிஸ்க் (கீழ்முதுகுல ரெண்டு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற தட்டு) தேய்மானம், எங்களுக்கு யாங்கூன்ல லிஃப்ட் இல்லாத அஞ்சாவது மாடி வீடு, அரிசிப்பையோட ஏறி வந்தா அன்னைக்கு ராத்திரி தூக்கமே கிடையாது. முதல்ல மசாஜ் போனோம், இறுகின தசை தளர்ந்து சுகமாத்தான் இருக்கும், ஆனா ரெண்டே நாள்ல வலி திரும்பிடும், ஏன்னா முதுகைத் தாங்குற தசைக்கு அதுல பலம் வராது. பிசியோ, அதாவது உடற்பயிற்சி மூலமா செய்யுற சிகிச்சை, மெதுவாத்தாங்க வேலை செய்யும். பாய்ல மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, இடுப்பை மட்டும் தூக்கி அஞ்சு எண்ணி இறக்கணும், 10 தடவை, அம்மா முதல் வாரம் முனகிக்கிட்டே செஞ்சாங்க, ரெண்டு மாசத்துல காளியம்மன் கோயிலை நிக்காம மூணு சுத்து சுத்தினாங்க! தேஞ்ச டிஸ்க் பழையபடி ஆகாதுதான், ஆனா பலமான தசை பாரத்தை வாங்கிக்கும், அதனால நான் பிசியோ பக்கம். ஒண்ணு மட்டும், கவட்டைப் பக்கம் மரத்துப்போனாலோ மூத்திரம் கட்டுப்படலைன்னாலோ ரெண்டையும் விட்டுட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.