மணிக்கூலி ஒன்றுதான், வாரச் சம்பளம் ஏன் வேறு? மூன்று விளக்கங்கள்

அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரத்தில் அரசுப் பேருந்தும் ரயிலும் ஓட்டுபவர்களுக்கு, ஆணானாலும் பெண்ணானாலும், மணிக்கூலி ஒன்றுதான். தொழிற்சங்க ஒப்பந்தம் அப்படி. எந்த ரூட், எந்த ஷிப்ட் என்று முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை சர்வீஸ் அதிகமுள்ளவருக்கு. அதிகாரி முகம் பார்த்துக் கூட்டிக் குறைக்க வழியே இல்லை. அப்படியும் வாரக் கடைசியில் ஆண் 1 டாலர் வாங்கும் இடத்தில் பெண் 89 சென்ட்தான் வாங்குகிறார். பொலோட்னி, இமானுவேல் என்ற இரு பொருளியலாளர்கள் கண்ட கணக்கு இது.

பெண்களின் சம்பளம் குறைவதற்குக் காரணம் 'எல்லாம் பாரபட்சம்' என்பவர்கள் இங்கே திணறுவார்கள். மூடிய அறையில் பேரம் பேசிச் சம்பளம் முடிவாகும் ஆபீஸ்களில் அவர்கள் சொல்வதற்கு வலு உண்டு. இந்த டிப்போவில் அது செல்லாது.

'அவரவர் விருப்பம்' என்பவர்களுக்கு முதல் பார்வையில் வெற்றி. பெண்கள் ஓவர்டைம் குறைவாகப் பார்க்கிறார்கள், சம்பளமில்லா விடுப்பு அதிகம் எடுக்கிறார்கள், கணக்கு நேராகிவிடுகிறது. ஆனால் ஓவர்டைமை மூன்று மாதம் முன்பே சொல்லிவிட்டால் இருபாலரும் ஏறக்குறைய ஒரே அளவு பார்க்கிறார்கள். கடைசி நிமிடத்தில் கூப்பிட்டால் ஆண்கள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதே வேலை, அதே காசு. மாறியது முன்னறிவிப்பு மட்டும். வார இறுதி ஷிப்டையும், காலையில் பாதி மாலையில் பாதி என்று உடைந்த ஷிப்டையும் தவிர்ப்பதற்காக, விபத்து அதிகமுள்ள ரூட்டைக்கூடப் பெண்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இதை விருப்பம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

மூன்றாவது விளக்கம் 2023-ல் பொருளியல் நோபல் பெற்ற கிளாடியா கோல்டினுடையது: கூப்பிட்ட நேரத்துக்கு வருபவருக்குக் கூடுதல் விலை. வக்கீல் நிறுவனங்களிலும் நிதித்துறையிலும் நேரத்தை இரட்டித்தால் வருமானம் இரட்டிப்புக்கும் மேலே போகும். அதனால் தம்பதியில் ஒருவர் அந்த வேலைக்கும், மற்றவர் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் போனுக்கும் என்று பிரித்துக்கொள்வதுதான் குடும்பத்துக்கு லாபம். அமெரிக்க மருந்தாளுநர்கள் இதற்கு நேர் எதிர். ஒரு காலத்தில் சொந்தக் கடை, முதலாளி இல்லாவிட்டால் கடை நடக்காது. இப்போது பெரும்பாலும் சங்கிலிக் கடைகள், மருந்துச்சீட்டு கணினியில். ஒருவர் இடத்தில் இன்னொருவர் நின்று கொடுக்கலாம். பகுதிநேரம் பார்த்தாலும் மணிக்கூலி பெரிதாக அடிபடுவதில்லை. சமத்துவம் யாருடைய நோக்கமாகவும் இல்லை, இடைவெளி தானாகச் சுருங்கியது.

என் ஓட்டு கோல்டினுக்குத்தான், ஒரு குறையோடு. அந்தப் போனை எடுப்பது ஏன் எப்போதும் மனைவி என்பதற்கு அவருடைய கணக்கில் முழு விடை இல்லை. டென்மார்க்கில் முதல் குழந்தைக்குப் பின் தாயின் வருமானம் நீண்ட காலத்துக்கு ஏறத்தாழ 20% குறைந்தே நிற்கிறது, தந்தையுடையது அசைவதில்லை. தன் தாய் அதிகம் வேலைக்குப் போகாத வீட்டில் வளர்ந்த பெண்களுக்கு இழப்பு இன்னும் அதிகம். கணவனின் பெற்றோர் எப்படி இருந்தார்கள் என்பதற்கும் அதற்கும் தொடர்பு தெரியவில்லை. மாமியாரைக் குறை சொல்ல வழியில்லை!

வளர்ப்பை மாற்றத் தலைமுறை ஆகும். பாஸ்டன் ஆய்வாளர்கள் கேட்பது அதைவிடச் சின்னது: ஓட்டுநர்கள் தங்களுக்குள் ஷிப்டை மாற்றிக்கொள்ள அனுமதி, வராதவருக்குப் பதில் ஓட்ட இன்னும் நீளமான மாற்றாள் பட்டியல்.